பலகையில் இருந்த எண்

விளையாட்டுகளை வெளியிடும் தளம் எதுவாக இருந்தாலும், நம் சரக்கை ஏற்றி முடிக்கும் நேரத்தில் ஒரு பக்கம் வரும். வன்முறை உண்டா, சூதாட்டம் உண்டா, ஆபாசம் உண்டா என்று வரிசையாகக் கேட்கும். படமும் ஒலியும் உங்களுடையவைதானா, இல்லையென்றால் அனுமதி வாங்கினீர்களா என்று கேட்கும். வேறு யாருடைய சொந்தத் தகவலும் உள்ளே இல்லை என்று உறுதி சொல்லச் சொல்லும். நான் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்தேன். நள்ளிரவு தாண்டிய நேரம், மறுநாள் ஆபீஸ். டிக்கெட்டின் பின்பக்கம் அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டா சாயனில் ரயில் ஏறுகிறோம்?

பகலில் ஒரு கம்பெனிக்காகக் கோட் எழுதுகிறவன் நான். இரவில் எனக்காக எழுதுகிறேன். இப்போது வீடு செம்பூரில், செட்டா நகர் முருகன் கோயில் மணி காதில் விழும் தூரத்தில். பிறந்து வளர்ந்தது தாராவி கிராஸ் ரோடு. அப்பாவுக்குச் சம்பளம் கொஞ்சம் கூடியதும் செம்பூர் வந்துவிட்டோம். அதன்பிறகு தாராவிக்குப் போவது பொங்கலுக்கும் யார் வீட்டிலாவது விசேஷம் என்றாலும்தான். ஆனால் ஆபீஸில் யாராவது "நேட்டிவ் எங்கே?" என்று கேட்டால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "தாராவி" என்பேன். சொல்லும்போது ஒரு கித்தாப்பு. அங்கே குழாயடியில் நின்று தண்ணீர் பிடித்துப் பல வருஷம் ஆகிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டேன்.

2018-ல் 'ஹிட்மேன் 2' விளையாட்டில் மும்பை ஒரு களமாக வந்தது. ஆடிப் பார்த்தேன். சந்து, துணிக்கொடி, கூட்டம் எல்லாம் இருந்தன. அந்தச் சந்தில் யாருக்கும் சொந்தக்காரர்கள் இருப்பதாகத் தெரியவில்லை. 'ஸ்லம்டாக் மில்லியனர்' காலத்திலிருந்தே எனக்கு இந்த எரிச்சல் உண்டு. வெளியாள் வந்து நம் வாசலைப் படம் பிடிப்பான், நாம் பின்னணியில் நிற்போம். அப்புறம் 2023-ல் 'வெண்பா' வந்தது. டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை. முதல் அத்தியாயமே இட்லி. 2024-ல் அதற்கு அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருது கிடைத்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. டொரண்டோவில் உட்கார்ந்துகொண்டு அவர்கள் இட்லி அவிக்கலாம், மும்பைக்கே இட்லி அவித்துக் கொடுக்கும் சந்தில் பிறந்த நான் சும்மா இருப்பதா?

மும்பைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். விடியற்காலையில் தாராவியிலிருந்து சைக்கிள்கள் கிளம்பும். பின்னால் அலுமினியக் குண்டானில் இட்லி, மேலே துணி, பக்கத்தில் சட்னிக்கும் சாம்பாருக்கும் தூக்கு. ஹேண்டில்பாரில் ரப்பர் பந்து ஹாரன். பாம் பாம் என்று சத்தம் கேட்டால் கட்டடத்துக் குழந்தைகள் பாத்திரத்தோடு இறங்கி வருவார்கள். அந்தப் பையன்களைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். ராத்திரியில் மாவு அரைத்து, விடிவதற்கு முன்னால் ஈடு ஈடாக அவித்துக் குண்டானை நிரப்பிக் கொடுக்கும் பெண்கள் யார் கண்ணிலும் படுவதில்லை.

அப்படி ஒருத்திதான் எங்கள் அத்தை. ரத்த உறவு இல்லை. எங்கள் பழைய வீட்டுக்கு எதிர்வீடு. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் எனக்குச் சோறு அங்கேதான்.

என் விளையாட்டில் ஓர் இட்லிப் பையன் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு சைக்கிள் மிதிப்பான். ஆடுகிறவர் அவனைச் சந்து சந்தாக ஓட்டிக்கொண்டு போக வேண்டும். குண்டான் காலியானால் ஒரு பாட்டியிடம் வந்து "ஆயி, ஏக் இட்லி உதார்" என்று கடன் கேட்க வேண்டும். பாட்டி கரண்டியை ஓங்கிக்கொண்டு திட்டுவாள். ஒவ்வொரு தடவையும் புதுசாக ஒரு திட்டு. அவை அத்தையின் திட்டுகள். சின்ன வயதில் நான் வாங்கியவை, ஒரு வார்த்தை மாற்றவில்லை. பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டியை ரொம்பப் பிடித்துப்போனது. விளையாட்டு கொஞ்சம் ஓடியதே அவளால்தான்.

சந்துகளை நான் வரையவில்லை, போட்டோ எடுத்து ஒட்டினேன். தாராவி மறுகட்டுமானத்தில் இந்தச் சுவரெல்லாம் போய்விடும், அதற்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்று எனக்கு நானே ஒரு பெரிய காரணமும் சொல்லிக்கொண்டேன். ரேஷன் கடை, தண்ணீர் டிரம், சுவரில் கட்சிச் சின்னம் எல்லாம் அசல். அத்தை வீட்டு வாசல் பலகையும் அசல். சிவப்பில் மஞ்சள் எழுத்து: இட்லி, வடை ஆர்டரின் பேரில் செய்து தரப்படும். கீழே கைப்பேசி எண். போட்டோவில் அந்தக் கடைசி வரி கொஞ்சம் கலங்கலாக விழுந்திருந்தது. உட்கார்ந்து மெனக்கெட்டு அதைத் தெளிவாக்கினேன். நண்பர்களைக் கூப்பிட்டுப் பெரிதாக்கிக் காட்டிப் பெருமைப்பட்டதும் நினைவிருக்கிறது.

2025 ஆகஸ்டில் தளத்திலிருந்து மெயில் வந்தது. தளத்தின் பெயர் எதற்கு? "உங்கள் விளையாட்டு அந்தரங்க விதியை மீறுகிறது, நீக்கப்பட்டுள்ளது." அவ்வளவுதான். கீழே விதிகளுக்கான இணைப்பு இருந்தது. இந்தத் தடவையும் நான் அதைத் திறக்கவில்லை.

திறக்காமல் இருக்கத் தோதான காரணங்கள் அப்போது ஊரெல்லாம் இருந்தன. ஜூலையில்தான் இட்ச்.ஐஓ தளம் வயதுவந்தோருக்கான விளையாட்டுகள் அத்தனையையும் ஒரே இரவில் தேடலிலிருந்து மறைத்திருந்தது. கலெக்டிவ் ஷவுட் என்ற ஆஸ்திரேலிய அமைப்பு பணப் பரிமாற்ற நிறுவனங்களை நெருக்க, அவர்கள் தளங்களை நெருக்கினார்கள். ஸ்டீமும் தன் விதிகளில் ஒரு வரி சேர்த்தது. தப்பே செய்யாத எத்தனையோ சின்னக் கலைஞர்கள் அதில் சேர்ந்து அடிபட்டார்கள், அந்தக் கோபம் நியாயமான கோபம். ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. மும்பையிலேயே இருக்கும் ட்ரீம்11 தன் பணப் போட்டிகளை நிறுத்தியது. ஆபீஸில் டீ குடிக்கும் இடத்தில் இதே பேச்சு. "என்னுதையும் தூக்கிட்டான்" என்றேன். எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். கலைஞன், தணிக்கை, உலக சதி. அந்தக் கூட்டத்தில் எனக்கும் ஓர் இடம் கிடைத்ததில், வெட்கத்தைவிட்டுச் சொன்னால், கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

அந்தரங்கம் என்றால் ஆடுகிறவர்களின் தகவலைச் சேகரிப்பது பற்றியது என்று நானாக முடிவு கட்டினேன். இணையத்தில் கிடைத்த ஒரு மாதிரி அறிக்கையை, 'நாங்கள் உங்கள் தகவலை விற்பதில்லை' வகையறா, இணைத்து அதே விளையாட்டை வேறு பெயரில் மறுபடி ஏற்றினேன். நீக்கியதைத் திரும்ப ஏற்றுவது தனிக் குற்றம் என்பதும் அந்தப் படிக்காத பக்கத்தில் இருந்ததுதான். இந்தத் தடவை கணக்கையே முடக்கினார்கள். பாதி செய்து வைத்திருந்த இன்னொரு விளையாட்டும் அதோடு போனது. கலைச் சுதந்திரம் பற்றி நீளமாக ஒரு முறையீடு எழுதி அனுப்பினேன். அதைப் பிறகு ஒருநாள் படிக்கப் பார்த்து, இரண்டாவது பத்தியோடு மூடிவிட்டேன்.

எங்கள் கட்டடத்தில் ஒரு வக்கீல் மாமா இருக்கிறார். மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் அவர் ஆபீஸ். கேஸ் போடலாமா என்று கேட்கப் போனேன். போவதற்கு முன் கொஞ்சம் படித்தும் வைத்திருந்தேன். ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடுவது தொடர்பாக 1994-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. வெளியாகும் முன்பே அரசு தடுக்க முடியாது என்றார்களே மாமா, என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதே தீர்ப்புல அடுத்த பாதிய யார் படிப்பா? பொது ஆவணத்துல இருக்கறத எழுதலாம். அதுக்கு மேல போய் ஒருத்தரோட சொந்த வாழ்க்கையைச் சம்மதம் இல்லாம எழுதினா, நல்லவிதமாவே எழுதியிருந்தாலும், அது அந்தரங்க உரிமை மேல கை வைக்கறதுதான்னு சொல்லியிருக்கு."

"இது வெறும் விளையாட்டு மாமா."

"செல்மோன் பாய் ஞாபகம் இருக்கா?"

இருந்தது. 2021-ல் வந்த மொபைல் விளையாட்டு. சல்மான் கான் மீதான பழைய கார் விபத்து வழக்கைக் கிண்டல் செய்து எடுத்தது. அவர் மும்பை சிட்டி சிவில் கோர்ட்டுக்குப் போனார். செப்டம்பரில் இடைக்காலத் தடை வந்தது. அவர் சம்மதம் இல்லாமல் செய்திருக்கிறார்கள் என்றது கோர்ட். பிளே ஸ்டோரிலிருந்தும் எடுக்கச் சொன்னது. நாங்கள் அன்றைக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அவ்வளவு பெரிய நடிகருக்கு இவ்வளவு சின்ன விளையாட்டைத் தாங்க முடியவில்லையே என்று.

"உன் விளையாட்டுல நிஜ மனுஷங்க யாராவது இருக்காளா?" என்றார் மாமா.

"ஒரு பாட்டி. எங்க அத்தை மாதிரி."

"மாதிரியா, அத்தையா?"

பதில் சொல்லவில்லை. "சம்மதப் பத்திரம் ஒண்ணு அடிச்சுத் தரேன். கையெழுத்து வாங்கிண்டு வா, அப்புறம் பேசலாம்" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அத்தைதானே, நீட்டினால் போடுவாள்.

கிரைண்டர் ஓட ஆரம்பிக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். "வாரும் செம்பூர்க்காரரே" என்றாள் அத்தை. மாவுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்து, "இளைச்சுட்டியேல" என்றாள். நான் இளைக்கவில்லை. பத்திரம் பையில் இருந்தது. ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் பேச்சை எடுக்கலாம் என்று அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தேன்.

தண்ணீர் டிரம்மின் மூடிமேல் அவள் போன் இருந்தது. சத்தத்தை அணைத்து வைத்திருந்தாள். அது அதிர்ந்து அதிர்ந்து மூடியின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது. அத்தை அதைக் கையில் எடுத்து, யாரென்று பார்க்காமலே, கவிழ்த்து வைத்தாள்.

"எடுக்கலையா அத்தை?"

"எடுத்தா என்ன சொல்லுவானுவன்னு தெரியும்ல. விடு."

"யாரு, கடன் கிடன் வாங்கியிருக்கியா?"

"கடன் கேக்கிறவனுவதான்" என்றாள்.

அவள் மகள் உள்ளே பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். காலேஜ் முடித்து வேலைக்குப் போகிறவள். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். போன் மறுபடியும் அதிர்ந்தது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாம் பாம்" என்றது ஒரு பையன் குரல். இன்னும் உடையாத குரல். பின்னால் வேறு யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. அப்புறம், "ஆயி, ஏக் இட்லி உதார்!"

சொல்லிவிட்டு அவன் காத்திருந்தான்.

அந்த இடைவெளி எனக்குத் தெரியும். அதை வைத்தவன் நான். பையன் கடன் கேட்டதற்கும் பாட்டி திட்டுவதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் விட்டால் சிரிப்பு வரும் என்று மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் ஒரு மூச்சு இழுக்கும் நேரம் என்று வைத்தேன். ஏதோ ஒரு வீட்டில் இரண்டு பையன்கள் அதே ஒரு மூச்சு நேரம் காதில் போனை வைத்துக்கொண்டு அத்தை திட்டுவதற்காக நின்றுகொண்டிருந்தார்கள். அத்தை கிரைண்டருக்குள் கையை விட்டு மாவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. மகளும் பேசவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பையன் "ஹலோ? ஹலோ?" என்றான். வைத்துவிட்டான்.

முதலில் கொஞ்ச நாள் நன்றாகத்தான் திட்டினாளாம். திட்டத் திட்டக் கூட்டம் கூடியது. அதற்குத்தானே கூப்பிடுகிறார்கள். யாரோ ஒரு பையன் விளையாட்டுப் பலகையில் இருக்கும் எண்ணைச் சும்மா போட்டுப் பார்த்திருக்கிறான். மணி அடித்திருக்கிறது. எடுத்தது பாட்டியேதான், குரலும் திட்டும் விளையாட்டில் வந்தது போலவே. எந்தப் பிள்ளைதான் விடும்? ஈடு ஊற்றும் நேரத்தில், தூங்கும் கொஞ்ச நேரத்தில், எப்போது பார்த்தாலும் அழைப்பு. அதனால் சத்தத்தை அணைத்தாள். அணைத்ததில் நிஜ ஆர்டர்களும் போயின. லேபர் கேம்ப்பில் ஒரு சடங்கு வீட்டுக்காரர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வேறு ஆளிடம் சொல்லிவிட்டார்கள். அத்தைக்கு வருஷக்கணக்காக வாடிக்கையான வீடு அது.

"நான்தாண்ணே ரிப்போர்ட் பண்ணேன்" என்றாள் மகள். "முதல் தடவை மெஷின் பதில்தான் வந்துச்சு. பலகையையும் அந்த ஸ்கிரீனையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் போட்டோ எடுத்து மறுபடி அனுப்பினேன். அம்மா வேண்டாம்னுச்சு."

"நம்ம பய, அவனுக்கு ஒரு பேரு கெடைக்கு, அதக் கெடுக்காதன்னேன். இவ கேக்கல" என்றாள் அத்தை. என்னிடம் மன்னிப்புக் கேட்பது போல இருந்தது அது. பிறகு பையைப் பார்த்து, "பைல என்னல காயிதம்? கல்யாணப் பத்திரிக்கையா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல அத்தை, ஆபீஸ் பேப்பர்" என்றேன். அந்த நிமிஷத்தில்கூட எனக்குப் பொய்தான் வந்தது.

அன்று ராத்திரிதான் அந்த விதிகளைக் கடைசி வரை படித்தேன். எழுத்து நன்றாக இல்லை. வக்கீலும் இயந்திரமும் சேர்ந்து எழுதியது போல இருந்தது. ஆனால் நிஜ மனிதரின் முகவரி, தொலைபேசி எண் இரண்டும் கூடாது என்று நேராகச் சொல்லியிருந்தது. நம் நாட்டில் 2021-ல் தகவல் தொழில்நுட்ப விதிகள் வந்தபோதே, புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு 15 நாளில் முடிக்க வேண்டும் என்று எழுதினார்கள். பிறருடைய அந்தரங்கத்தில் நுழைகிற எதையும் ஏற்றாதிருக்கப் பயனர்களிடம் சொல்ல வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. சல்மான் கான் வழக்கைப் பற்றிப் பேசும்போது நாங்கள் யாரும் இதை யோசிக்கவில்லை. சிட்டி சிவில் கோர்ட்டுக்குப் போக அவருக்கு ஆள் படை உண்டு. கிராஸ் ரோட்டிலிருந்து அந்தக் கோர்ட்டுக்கு வாடகைக் காரில் அரை மணி நேரம், ஆனால் எங்கள் சந்திலிருந்து வக்கீல் வைத்து அங்கே போனவர்களை நான் பார்த்ததில்லை. மகளிடம் இருந்தது ஒரு கைப்பேசியும் அதில் ஒரு படிவமும்தான். அதை அவள் ரயிலில் நின்றுகொண்டே நிரப்பியிருக்கிறாள்.

வேறு எண் வாங்கித் தருகிறேன் என்றேன். மகள் சிரித்துவிட்டாள். கேஸ் புக்கிங், வங்கி ஓடிபி, ஆதார் எல்லாம் அந்த எண்ணில். விட முடியாது. கடைசியில் ஆர்டருக்கு மட்டும் ஒரு புது சிம். பழைய வாடிக்கைக்காரர்களுக்குப் புது எண்ணைச் சொல்லும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். சாயனில் ஹாஸ்டல், மாட்டுங்காவில் இரண்டு மெஸ், செம்பூரில் ஒரு கேட்டரிங்காரர் என்று சீட்டோடு அலைந்தேன். "எதுக்குத் தம்பி நம்பர் மாத்தினாங்க?" என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். முதலில் ஏதேதோ சொல்லி மழுப்பினேன். லேபர் கேம்ப்பில் அந்தச் சடங்கு வீட்டு அம்மா நிறுத்தி வைத்துக் கேட்டபோது நடந்ததைச் சொன்னேன். "ஓ, அது நீதானா" என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

அம்மா என்னோடு பேசாமல் இருந்தது ஒரு வாரத்துக்கு மேல். பேசியபோது, "பலகையை எழுதிக் குடுத்தது உங்கப்பாதான்" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அது தெரியாது.

அத்தைக்கு விளையாட்டை ஒருநாள் காட்டினேன், அவளே கேட்டாள் என்பதால். பாட்டி கரண்டியை ஓங்குவதைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "நான் இவ்வளவு குண்டாவா இருக்கேன்?" என்றாள். மகள் சிரிக்கவில்லை. எனக்கு மகளின் முகம்தான் சரியென்று பட்டது. முறையீட்டைத் திரும்பப் பெற்றேன். கணக்கு முடங்கியே கிடக்கிறது. பத்திரத்தை வக்கீல் மாமாவிடம் வெற்றாகவே திருப்பிக் கொடுத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

தளம் ஒரு விளையாட்டைத் தன் கடையிலிருந்து எடுத்துவிட்டாலும், முன்பே இறக்கிக்கொண்டவர்களின் போனில் அது அப்படியே இருக்கும். அதைத் தொலைவிலிருந்து அழிக்க என்னிடம் வழி இல்லை. அத்தைக்கு இன்னமும் அழைப்பு வருகிறது, முன்னைவிடக் குறைவு, பெரும்பாலும் பள்ளி விடுமுறை நாட்களில். ஆகவே இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பிள்ளையின் போனில், மஞ்சள் தொப்பி போட்ட பையன் சைக்கிளில் குண்டானோடு நிற்கும் படம் இருந்தால், தயவுசெய்து அழித்துவிடுங்கள்.